பால் உறைவதில் உப்புக்கும் அழுத்தத்துக்கும் என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால் சோதனைக்கூடம் ஒன்றில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். இப்போது நானுஓயாப் பக்கம் சின்னதாக ஒரு தயிர்க்கூடம் நடத்துகிறேன். லயத்துக்குப் பின்னால் ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்கள், சட்டித் தயிர் போட்டு ஹற்றனுக்கு அனுப்புகிறவர்கள், உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிற பிள்ளைகள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எனக்கும் தொண்டை மிச்சம். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசிய மாதிரியே போட்டிருக்கிறேன்.

பால் உறையும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

ஒரு லீற்றர் பசும்பாலில் ஏறத்தாழ 33 கிராம் புரதம் இருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். மிச்சம் மோர்ப்புரதம், தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் சொட்டுகிற மஞ்சள் தண்ணீரோடு போவது அதுதான்.

கேசீன் தனித்தனி இழையாக மிதப்பதில்லை. ஆயிரக்கணக்கான கேசீன் மூலக்கூறுகள் சேர்ந்து நுண்ணிய உருண்டைகளாக இருக்கின்றன. ஓர் உருண்டையின் விட்டம் சராசரியாக 150 முதல் 200 நானோமீற்றர். ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் முந்நூறு நானூறை வரிசையாக வைத்துவிடலாம். பால் வெள்ளையாகத் தெரிவதற்கு இவையும் கொழுப்புத் துளிகளும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதுதான் காரணம்.

இந்த உருண்டைக்குள் கல்சியம் பொஸ்பேட், கல்லுக்கு நடுவே சாந்து மாதிரி, கேசீனைப் பிடித்து வைத்திருக்கிறது. வெளிப்புறத்தில் கப்பா கேசீன் என்ற ஒரு வகை, மயிர் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு மறை (நெகட்டிவ்) மின்னேற்றம். அதனால் இரண்டு உருண்டைகள் நெருங்கினால் ஒன்றையொன்று தள்ளிவிடும். பால் பாலாகவே இருப்பது இதனால்தான்.

தயிரில் என்ன ஆகிறது? உறை மோரில் இருக்கும் பற்றீரியா, பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகிறது. 6.7 அளவில் இருந்த பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், புளிப்பு ஏற ஏற இது குறையும்) இறங்கத் தொடங்கும். 5 பக்கம் வரும்போது உருண்டைக்குள் இருந்த கல்சியம் பொஸ்பேட் அநேகமாக முழுவதும் கரைந்து வெளியே வந்திருக்கும். 4.6 இல் கேசீனின் மின்னேற்றம் சமன்பட்டுவிடும். தள்ளுவதற்கு இனி எதுவும் இல்லை. உருண்டைகள் ஒட்டி, சங்கிலியாகி, வலையாகி, தண்ணீரை உள்ளே பிடித்துக்கொள்ளும். அந்த வலைக்குத்தான் ஜெல் என்று பெயர். நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் தண்ணீர் உள்ள ஒரு பொருள் சட்டியைச் சாய்த்தாலும் ஓடாமல் நிற்பதற்கு அந்த வலைதான் காரணம்.

சீஸ் வேறு கதை. சீஸுக்கு உறையாக ஊற்றும் ரெனட்டில் உள்ள கைமோசின் என்ற நொதியம் அந்த மயிரை அடியோடு, 105 ஆம் அமினோ அமிலத்துக்கும் 106 ஆம் அமினோ அமிலத்துக்கும் நடுவில், வெட்டிவிடுகிறது. மொட்டையான உருண்டைகள் கல்சியத்தின் உதவியோடு ஒட்டுகின்றன. ஆக, தயிரில் கல்சியம் வெளியேறிவிடுகிறது. சீஸில் கல்சியம் உள்ளே நின்று கட்டுகிறது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் கல்சியம் உருண்டைக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்ப்பதுதான்.

நுவரெலியாவில் தயிர் சரியாக உறைவதில்லை. உயரமான இடம், காற்றழுத்தம் குறைவு என்பதாலா?

இல்லை. குளிர்தான்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். கொழும்பில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்றால் அங்கே 81 பக்கம். கேட்கப் பெரிய வித்தியாசமாகத் தெரியும். ஆனால் பால் புரதத்தை அசைக்க வேண்டுமென்றால் இதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் வேண்டும். அந்த உயர் அழுத்தத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அழுத்தம் குறைவதால் ஒரேயொரு விஷயம் மாறுகிறது. தண்ணீர் அங்கே ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். பாலும் கொஞ்சம் முன்பின் அப்படித்தான். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. நல்ல தயிருக்குப் பாலை 85 பாகையில் அரை மணி நேரமோ 90க்கு மேல் ஐந்து பத்து நிமிடமோ வைத்தால் போதும். அந்தச் சூட்டில் மோர்ப்புரதத்தில் முக்கியமான பீட்டா லாக்டோகுளோபியூலின் சுருள் அவிழ்ந்து, கேசீன் உருண்டையின் மேலே போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் உறையும்போது வலைக்கு அதுவும் ஒரு கண்ணியாகிவிடும். தயிர் கெட்டியாக, தண்ணீர் விடாமல் வரும். கொதி வந்தவுடனே இறக்கிவிடாமல் சிறுதீயில் பத்து நிமிடம் வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்குத்தான்.

குளிர் விஷயம்: யோகட் பற்றீரியாவுக்கு 42, 43 பாகை பிடிக்கும். ஜனவரி இரவில் அடுப்படியே 12 பாகைக்கு இறங்குகிற வீட்டில் சட்டியை அப்படியே வைத்துவிட்டுப் போனால், இரண்டு மணி நேரத்தில் பால் ஆறிப்போய் பற்றீரியா சோம்பிவிடும். காலையில் பார்த்தால் புளிப்பும் இல்லை, கட்டியும் இல்லை. ஒரு ரிஜிபோம் பெட்டி, இரண்டு சுடுதண்ணீர்ப் போத்தல், மேலே ஒரு பழைய கம்பளி. எங்கள் கூடத்தில் முதல் வருடம் முழுக்க இதுதான் இயந்திரம்.

உறை ஊற்றும்போதே உப்பைப் போட்டால் என்ன?

போடாதீர்கள். இரண்டு காரணம்.

முதலாவது பற்றீரியா. பாலில் 2 சதவீதம் உப்பு சேர்ந்தாலே யோகட் பற்றீரியா தள்ளாடத் தொடங்கும். அமிலம் மெதுவாக வரும், தயிர் பிந்தி உறையும், சில சமயம் உறையவே உறையாது.

இரண்டாவது, கேசீனுக்கே நேருகிற மாற்றம். உப்பில் உள்ள சோடியம், உருண்டையோடு ஒட்டியிருக்கும் கல்சியத்தில் கொஞ்சத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. பிஎச் இலேசாகக் குறையும். உருண்டை தண்ணீர் குடித்து ஊதும். ரெனட் போட்டிருந்தால் உறைவதற்கு நேரம் கூடும், கட்டியும் தளர்வாக வரும். அதனால்தான் பெரும்பாலான சீஸ் வகைகளில் கட்டியான பிறகே உப்புப் போடுகிறார்கள். விதிவிலக்கு எகிப்தின் தொம்யாத்தி சீஸ். வெயில் நாட்டில் பால் கெட்டுப்போகாமல் இருக்க, ரெனட்டுக்கு முன்னாலேயே பாலில் அள்ளி உப்புப் போடுவார்கள். அதன் மென்மை அந்த உப்பால் வந்தது.

தயிருக்கு உப்பு வேண்டுமானால் பரிமாறும்போது போடுங்கள். முன்கூட்டியே போட்டால் வலைக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே இழுபட்டு, சட்டி ஓரத்தில் குளம் கட்டும்.

சீஸ் செய்யும்போது கல்சியம் குளோரைட் போடச் சொல்கிறார்களே, எவ்வளவு?

வழக்கமான அளவு 100 லீற்றர் பாலுக்கு 20 கிராம், அதாவது 0.02 சதவீதம். பத்து லீற்றருக்கு 2 கிராம். உணவுக்கு உரிய தரத்தில் வாங்கி, அரைக் குவளை ஆறிய தண்ணீரில் கரைத்து, ரெனட்டுக்கு முன்பு ஊற்றிக் கலக்குங்கள்.

ஏன் தேவைப்படுகிறது என்றால், பாலைச் சூடாக்கும்போதும் குளிர்ப்பெட்டியில் இரண்டு நாள் வைக்கும்போதும் கல்சியத்தின் சமநிலை கலைகிறது. ரெனட் மயிரை வெட்டிவிட்டாலும் ஒட்டவைக்கக் கல்சியம் போதாமல் பால் கஞ்சி மாதிரி நிற்கும். கொஞ்சம் கல்சியம் குளோரைட் அதைச் சரிசெய்யும், பிஎச்சையும் சற்றே இறக்கும். அதுவும் ரெனட்டுக்கு உதவிதான்.

"கொஞ்சம் போட்டால் நல்லது என்றால் நிறையப் போட்டால் இன்னும் நல்லதுதானே அண்ணே?" என்று கேட்ட ஒரு தம்பியின் சீஸை நான் வாயில் வைத்தேன். கசப்பு. இன்னொன்று: இதைப் போட்டபிறகு பாலைக் கொதிக்க வைக்காதீர்கள், அடுப்பிலேயே திரிந்துவிடும். தயிருக்கு இது தேவையே இல்லை. தயிரில் கல்சியம் தானாகவே வெளியே வரப்போகிறது.

என் பால் புளிக்கவில்லை, வீட்டில் காய்ச்சினால் திரியவும் இல்லை. ஆனால் சேகரிப்பு நிலையத்தில் அல்கஹோல் டெஸ்டில் திரிந்தது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது என்ன நியாயம்?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகமாக வருகிறது. கேட்கிறவர் முகத்தில் கோபமும் இருக்கும், அழுகையும் இருக்கும். சோதனைக்கூடத்தில் இருந்தபோது நானே எத்தனையோ கேன்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சோதனை சின்னது. கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீற்றர் பால், அதே அளவு அல்கஹோல், பெரும்பாலும் 68 முதல் 75 சதவீதத்துக்குள். மூடி ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்துவார்கள். நல்ல பால் என்றால் குழாயின் சுவரில் மெல்லிய வெள்ளைப் படலம் வழவழவென்று இறங்கும். இல்லையென்றால் ரவை மாதிரிச் சிறுசிறு துகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பார்த்தவுடன் தெரியும், வாக்குவாதத்துக்கு இடமில்லை.

அல்கஹோல் என்ன செய்கிறது? உருண்டையின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கப்பா கேசீன் மயிரைப் படிய வைத்துவிடுகிறது. மயிர் படிந்தால் தள்ளும் சக்தி குறையும். அப்போது பாலின் தண்ணீர்ப் பகுதியில் சும்மா அலைகிற கல்சியம் அயன் அதிகமாக இருந்தால், உருண்டைகள் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். ஒரு லீற்றர் பாலில் மொத்தம் 1200 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உருண்டைக்குள். வெளியே இருப்பதிலும் பெரும்பகுதி சித்திரேட், பொஸ்பேட் என்ற உப்புகளோடு கைகோத்திருக்கும். தனியாகத் திரிகிற கல்சியம் அயன் 80 மில்லிகிராம் அளவுதான். அந்தச் சின்ன எண்ணிக்கை கொஞ்சம் ஏறினாலே சோதனையில் பால் தோற்றுவிடும்.

பால் புளித்தால் பிஎச் இறங்கி அயன் ஏறும், அது எல்லோருக்கும் தெரிந்த காரணம். ஆனால் புளிக்காமலும் ஏறலாம். கன்று போட்டு முதல் சில நாள், கறவை வற்றப்போகிற கடைசி வாரங்கள், மடிநோய், மாட்டுக்குத் தீனி போதாமல் போவது, தீனியில் தாதுக்களின் அளவு சரியில்லாமல் போவது. இப்படிப்பட்ட பாலில் அமிலம் 0.14, 0.16 சதவீதம் என்று புதுப்பால் அளவிலேயே இருக்கும். நாக்குக்கும் தெரியாது, அடுப்புக்கும் தெரியாது.

நிலையத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அந்தப் பால் தொழிற்சாலைக்குப் போய் 135, 140 பாகைச் சூட்டைப் பார்க்க வேண்டும், அல்லது சுண்டக் காய்ச்சிப் பால்மாவாக வேண்டும். அப்போது குழாய்க்குள்ளேயே கட்டிபடும். அவர்கள் பயப்படுவது அதற்கு. என் வருத்தம் என்னவென்றால், "பால் கெட்டுப்போச்சு" என்று ஒற்றை வார்த்தையில் சொல்லி அனுப்புவது. ஒன்பது லீற்றர் கேனைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் இறங்கி வந்த ஒரு அக்காவிடம் ஒரு நிலையத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அவர் பாலை வடிகானில் ஊற்றிவிட்டுப் போனார். எனக்கு அந்தப் பாலைத் தந்திருந்தால் அருமையான தயிர் போட்டிருப்பேன். இப்படிப்பட்ட பால் உறை ஊற்றினால் நன்றாகவே உறையும், மடிநோய் இல்லாத பட்சத்தில்.

செய்யக்கூடியது: அமில அளவையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒரு மாட்டின் பால்தான் பிரச்சினை என்றால் அதைத் தனியாகக் கறந்து தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். கடைசிக் கறவையில் இருக்கும் மாட்டின் பாலை மற்றதோடு கலக்காதீர்கள். தேயிலை மலையோரப் புல்லை மட்டும் நம்பாமல் மாட்டுத் தீவனமும் தாது உப்புக் கலவையும் கொடுங்கள்.

பால் கொஞ்சம் உப்புக் கரிக்கிறது. மாடு உப்பு நக்கியதாலா?

மாடு நக்குகிற உப்பு பாலுக்குள் அப்படி வராது. மடிநோயைப் பாருங்கள். மடி வீங்கினால் இரத்தத்தில் இருக்கும் சோடியமும் குளோரைட்டும் பாலுக்குள் கசியும், லாக்டோஸ் குறையும், கேசீனைக் கடிக்கும் நொதியங்கள் கூடும். ரெனட் கட்டி தளர்ந்துபோகும், தயிர் தண்ணீர் விடும். கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். மருந்து போட்ட நாட்களில் பாலை விற்கவும் வேண்டாம், உறை ஊற்றவும் வேண்டாம். மருந்து பற்றீரியாவைக் கொன்றுவிடும்.

புளிப்புத் தெரியாமல் இருக்க அப்பச் சோடா போட்டால்?

கலப்படம். அதோடு அந்தப் பாலில் ரெனட் வேலை செய்யாது, தயிரும் பிந்தும். அடுத்த கேள்வி.

சித்திரேட், பொஸ்பேட் என்று டப்பாவில் எழுதியிருக்கிறதே, அவை என்ன செய்கின்றன?

கல்சியத்தைத் திருடுகின்றன. ஒரே வரியில் அவ்வளவுதான். ஆனால் அந்தத் திருட்டால் வருவது அளவைப் பொறுத்து தலைகீழாக மாறும், அது எனக்குப் பிடித்த விஷயம்.

பாலில் சோடியம் சித்திரேட்டை நிறையப் போடுங்கள். உருண்டைக்குள் இருந்த கல்சியம் வெளியே இழுக்கப்பட்டு, சாந்து போன சுவர் மாதிரி உருண்டை உதிர்ந்துவிடும். பால் வெள்ளை நிறம் குறைந்து, பச்சை மஞ்சளாக, ஒளி ஊடுருவுகிற மாதிரி ஆகிவிடும். அதில் ரெனட் போட்டால் ஒன்றும் நடக்காது. மிகக் கொஞ்சம் போட்டாலோ உருண்டை உதிராமல் சற்றே நெகிழும். அப்படிப்பட்ட பாலில் உறைந்த தயிர் சில சமயம் வழக்கத்தைவிடக் கெட்டியாக வருகிறது, ஏனென்றால் கேசீன் இழைகள் புதிதாக அடுக்கிக்கொள்ள இடம் கிடைக்கிறது.

பைரோபொஸ்பேட் இன்னும் விசித்திரம். அது கல்சியத்தையும் பிடித்துக்கொண்டு கேசீனையும் பிடித்துக்கொண்டு நடுவில் பாலமாக நிற்கும். ஆறிய பாலில் பொடியைக் கொட்டிக் கலக்கினால் ஐந்து நிமிடத்தில் கெட்டியாகிறதே, அந்த உடனடி புடிங் பக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் இருக்கும். அமிலம் இல்லை, சூடு இல்லை, ரெனட் இல்லை. உப்பு ஒன்றாலேயே வந்த ஜெல்.

தாளில் சுற்றி வரும் முக்கோணச் சீஸ் இருக்கிறதே, அதுவும் இந்த உப்புகளின் வேலைதான். 1911 இல் சுவிற்சர்லாந்தின் துன் நகரத்தில் கெர்பர், ஸ்டெட்லர் என்ற இருவர் சீஸைச் சோடியம் சித்திரேட்டோடு சூடாக்கி உருக்கிப் பார்த்தார்கள். வெறுமனே உருக்கினால் எண்ணெய் பிரிந்து ரப்பர் மாதிரி ஆகிற சீஸ், வழுவழுப்பாக உருகி மறுபடி உறைந்தது. கல்சியம் போனதால் கேசீன் தளர்ந்து கொழுப்பைச் சுற்றி அணைத்துக்கொண்டது.

உயர் அழுத்தம் என்கிறீர்களே, பிரஷர் குக்கரில் வைத்தால் போதுமா?

போதாது, கிட்டவும் வராது. குக்கருக்குள் வெளியே இருப்பதைவிட ஒரு வளிமண்டல அழுத்தம், அதாவது 0.1 மெகாபாஸ்கல் அளவுதான் கூட. அதன் வேலை அழுத்தத்தால் நடப்பதில்லை, கொதிநிலையை 120 பாகை வரை ஏற்றுவதால் நடக்கிறது. உணவுத் தொழிலில் உயர் அழுத்தம் என்றால் 200 முதல் 600 மெகாபாஸ்கல். கடலின் மிக ஆழமான மரியானா அகழியின் அடியில் 110 மெகாபாஸ்கல் பக்கம். 600 என்பது அதைப்போல ஐந்தரை மடங்கு.

பாலை நெகிழ்வான போத்தலில் காற்றில்லாமல் அடைத்து, தடித்த இரும்பு உருளைக்குள் போட்டு, சுற்றிலும் தண்ணீரை நிரப்பி, பம்பு வைத்து அழுத்துவார்கள். சில நிமிடம். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அழுத்துவதால் போத்தல் நசுங்குவதில்லை. திராட்சைப் பழத்தை வைத்தாலும் முழுசாக வெளியே வரும். 600 மெகாபாஸ்கலில் தண்ணீரே ஏழில் ஒரு பங்கு சுருங்குகிறது. சூடு ஏறுவது 100 மெகாபாஸ்கலுக்கு 3 பாகை அளவில் மட்டும்.

இது புதிய யோசனை இல்லை. 1899 இலேயே அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பெர்ட் ஹைட் என்ற ஆய்வாளர் பாலை இப்படி அழுத்திக் கெடாமல் வைக்கலாமா என்று பார்த்திருக்கிறார். 1914 இல் அமெரிக்கப் பௌதிகவியலாளர் பிரிட்ஜ்மன் முட்டை வெள்ளையை அழுத்தினார். சூடே காட்டாமல் அது அவித்த முட்டை மாதிரி உறைந்தது. அழுத்த ஆய்வுகளுக்காக அவருக்கு 1946 இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. ஜப்பானில் 1990 இல் இந்த முறையில் செய்த ஜாம் கடைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் 2016 இல், சூடாக்காமல் அழுத்தப்பட்ட பால் விற்பனைக்கு வந்தது.

அந்த அழுத்தத்தில் பால் என்ன ஆகிறது?

அழுத்தம் எப்போதும் இடம் குறைகிற பக்கமாகவே தள்ளும். கல்சியமும் பொஸ்பேட்டும் அயன்களாகத் தண்ணீரில் கரையும்போது, ஒவ்வொரு அயனும் சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகளை இறுக்கி இழுத்து வைத்துக்கொள்கிறது. மொத்த இடம் குறைகிறது. ஆகவே அழுத்தம் ஏற ஏற உருண்டைக்குள் இருக்கும் கல்சியம் பொஸ்பேட் கரைந்து வெளியேறுகிறது. அமிலம் செய்த அதே வேலை, அமிலம் இல்லாமல்.

300, 400 மெகாபாஸ்கலைத் தாண்டினால் உருண்டைகள் உடைந்து பாதி அளவுக்குச் சிறுத்துவிடும். கொழுப்பு நீக்கிய பாலாக இருந்தால் வெளியே எடுக்கும்போது வெண்மை குறைந்து, கஞ்சித் தெளிவு மாதிரி இருக்கும். பார்ப்பவர்கள் தண்ணீர் கலந்த பால் என்றே நினைப்பார்கள். அழுத்தத்தை விட்டதும் கரைந்த கல்சியம் பொஸ்பேட்டில் பெரும்பகுதி திரும்பக் கூடிக்கொள்ளும், ஆனால் உருண்டைகள் பழைய உருவத்துக்கு வருவதில்லை.

மோர்ப்புரதத்தில் பீட்டா லாக்டோகுளோபியூலின் 100 மெகாபாஸ்கலுக்கு மேலேயே அவிழத் தொடங்கும். ஆல்பா லாக்டல்புமின் பிடிவாதக்காரன், 400 வரை அசையாது. மணம், நிறம், உயிர்ச்சத்து போன்ற சின்ன மூலக்கூறுகளுக்கு ஒன்றும் ஆவதில்லை, பலமான இரசாயனப் பிணைப்புகளை இந்த அழுத்தம் உடைக்காது என்பதால். காய்ச்சாத பாலின் வாசம் அப்படியே இருக்கும். நோய்க்கிருமிகள் சாகும், பற்றீரியா வித்துகள் சாகாது. அதனால் குளிர்ப்பெட்டி கட்டாயம்.

அப்படி அழுத்திய பாலில் தயிரும் சீஸும் எப்படி வரும்?

தயிர் கெட்டியாக வரும், தண்ணீர் விடுவது குறையும். பாலைக் காய்ச்சும்போது கிடைக்கிற நன்மை இங்கே காய்ச்சாமலே கிடைக்கிறது: மோர்ப்புரதம் அவிழ்ந்து கேசீனோடு ஒட்டுகிறது, உடைந்த சின்னத் துண்டுகள் அடர்த்தியான வலையைப் பின்னுகின்றன.

சீஸில் அளவு முக்கியம். 200 மெகாபாஸ்கல் அளவில் அழுத்திய பால் ரெனட்டில் சீக்கிரமாகக் கட்டும். 400ஐத் தாண்டினால் அந்த வேகம் போய்விடும். ஆனால் மோர்த் தண்ணீரோடு போகவேண்டிய புரதமும் ஈரமும் கட்டியிலேயே தங்குவதால், எடை கூடும்.

உப்பும் அழுத்தமும் சேர்ந்தால்?

இப்போது மேலே சொன்ன இரண்டும் ஒரே சட்டியில் சந்திக்கின்றன.

அழுத்துவதற்கு முன் கல்சியம் சேர்த்தால் உருண்டைகள் எளிதில் உடைவதில்லை. கரைந்து வெளியேற வேண்டிய சாந்து அதிகம். அழுத்தத்தை விடும்போதும் துண்டுகளை மறுபடி ஒட்டவைக்கக் கல்சியம் தயாராக நிற்கிறது. சித்திரேட்டையோ பொஸ்பேட்டையோ சேர்த்தால் எதிர்மாறு. அழுத்தம் கழற்றிவிட்ட கல்சியத்தை இவை பிடித்து வைத்துக்கொள்வதால் உருண்டை இன்னும் குறைந்த அழுத்தத்திலேயே உடையும், திரும்பக் கூடுவதும் தடைப்படும்.

சாதாரணப் பாலில் இதனால் ஜெல் வராது, புரதம் போதாது. வடிகட்டிப் புரதத்தைப் பல மடங்கு செறிவாக்கிய பாலில் கதை மாறும். அமிலமோ ரெனட்டோ இல்லாமல், அழுத்தி எடுத்த போத்தலுக்குள்ளேயே உறைந்து நிற்கும். எவ்வளவு கெட்டி என்பதைப் புரத அளவும் கல்சியமும் தீர்மானிக்கின்றன. புளிப்பே இல்லாத இனிப்புப் பால் கட்டி, மெல்ல முடியாத முதியவர்களுக்கான புரத உணவு என்று இதற்குப் பல பயன் யோசிக்கலாம். மலையகத்தில் சின்னக் கூடம் வைத்திருக்கும் நமக்கு இயந்திர விலை எட்டாது, கோடிக்கணக்கில் வரும்.

சீம்பால் ஆவியில் வைத்தாலே கட்டியாகிறதே, அது எப்படி?

கன்று போட்ட முதல் நாளின் பால். அதில் மொத்தப் புரதம் நூற்றுக்குப் பதினான்கு வரை இருக்கும், பெரும்பகுதி நோயெதிர்ப்பு மோர்ப்புரதங்கள். சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு இட்லிச் சட்டியில் வைத்தால் அந்தப் புரதம் சூட்டில் அவிழ்ந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், முட்டை உறைவது போலவே. புரதம் போதிய செறிவில் இருந்தால் உறைவதற்கு அமிலம் வேண்டாம் என்பதற்கு நம் வீட்டிலேயே இருக்கும் சாட்சி. கன்று வயிறாரக் குடித்த பிறகு மிச்சத்தை எடுங்கள்.

பக்கெட் பாலில் "ஹோமோஜினைஸ்" என்று இருக்கிறதே, அதுவும் அழுத்தம்தானே?

அது பாலைச் சின்ன இடுக்கு வழியாகப் பீய்ச்சிக் கொழுப்புத் துளிகளை உடைப்பது. அழுத்தம் 15, 20 மெகாபாஸ்கல்தான். தயிருக்கு நல்லது, ரெனட் சீஸுக்குக் கட்டி தளரும்.

பால்மாவில் தயிர் போடலாமா? யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தங்கச்சி அதே பால்மாவில் போட்டால் வேறு மாதிரி வருகிறது என்கிறாள்.

போடலாம். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 130 கிராம் முழு ஆடைப் பால்மா. இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் கொழுப்பு நீக்கிய பால்மா 20 கிராம் கூட.

தங்கச்சி சொல்வதில் விஷயம் இருக்கலாம். நம் பக்க ஊற்றுத் தண்ணீர் மென்மையானது. யாழ்ப்பாணக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை, தண்ணீர் வன்மை. வன்மை, கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு, லீற்றருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டு, எல்லாம் கல்சியத்தால் வந்தது என்றால் 120 மில்லிகிராம் கல்சியம். பாலின் மொத்தக் கல்சியத்தில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் தனியாக அலைகிற அயன் 80தான் என்று மேலே பார்த்தோம். ஒரு பகுதியைப் பொஸ்பேட்டும் சித்திரேட்டும் பிடித்துக்கொண்டாலும், மிச்சம் பாலின் சூடு தாங்கும் சக்தியைத் தொடும். தங்கச்சியிடம், கொதித்து ஆறித் தெளிந்த தண்ணீரில் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கொதியிலேயே சுண்ணாம்பில் ஒரு பகுதி கேத்தலின் அடியில் படிந்துவிடும்.

பாடசாலைச் செயற்றிட்டத்துக்கு வீட்டிலேயே எதைச் செய்து காட்டலாம்?

ஒரே பால், ஒரே உறை மோர், நான்கு கண்ணாடி டம்ளர். ஒவ்வொன்றிலும் 200 மில்லிலீற்றர். முதல் மூன்றுக்கும் பத்து நிமிடம் காய்ச்சிய பால். நான்காவதுக்கு மட்டும் 65 பாகையில் அரை மணி நேரம் வைத்த பால்; வெப்பமானி கட்டாயம். எல்லாவற்றையும் 43 பாகைக்கு ஆறவிட்டு ஒரு தேக்கரண்டி உறை மோர். இரண்டாவதில் 4 கிராம் உப்பு. மூன்றாவதில் இரண்டு விரல் நுனி அப்பச் சோடா. பெட்டிக்குள் வைத்து மூடுங்கள்.

ஐந்தாறு மணி நேரத்தில் முதல் டம்ளர் கட்டியாகியிருக்கும். உப்புப் போட்டது தளதளவென்று பாதியில் நிற்கும். சோடா போட்டது இன்னும் பாலாகவே இருக்கும்; அதை மறுநாளும் பாருங்கள். நான்காவதும் உறைந்திருக்கும், முதல் பார்வையில் முதலாவதுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் கரண்டியால் ஒரே அளவு பள்ளம் தோண்டி அரை மணி நேரம் விடுங்கள். காய்ச்சியதில் பள்ளத்தின் ஓரம் கூராக நிற்கும். 65 பாகைப் பாலின் பள்ளத்தில் ஓரம் சரிந்து, மஞ்சள் தண்ணீர் ஊறி நிரம்பியிருக்கும். அந்தத் தண்ணீரை ஒரு தேக்கரண்டி எடுத்து வேறு பாத்திரத்தில் கொதிக்க வையுங்கள். வெள்ளை வெள்ளையாகத் துகள் திரளும். காய்ச்சிய பாலில் கேசீனோடு ஒட்டிக்கொண்டிருந்த அதே மோர்ப்புரதம், இங்கே தனியாக வந்து நிற்கிறது.